எறியாதை, தேவைப்படும்

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், லோரன்ஸ் அவெனியூவும் வோர்டன் வீதியும் சந்திக்கிற இடத்தைச் சுற்றி இருக்கிறது வெக்ஸ்போர்ட். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய ஒற்றைத்தள வீடுகளும் உயரமான மாடிக் கட்டடங்களும் கலந்த பகுதி. இரண்டு வகை வீட்டிலும் தமிழர் இருக்கிறோம்; இரண்டு வகை வீட்டிலும் ஒரு காகிதக் குவியல் இருக்கிறது. சமையலறை மேசையின் ஓரத்தில், இல்லாவிட்டால் மைக்ரோவேவின் மேல். ஹைட்ரோ (மின்சார) பில், பள்ளிக்கூடக் கடிதம், மருந்துக்கடை ரசீது, வங்கி அனுப்பியது, கார் இன்சூரன்ஸ் புதுப்பித்த தாள், பீட்சாக் கடை விளம்பரம். பிள்ளைகள் ஒருநாள் அதை அப்படியே அள்ளி மீள்சுழற்சிக்கான நீலப் பெட்டியில் போடப் போவார்கள். "எறியாதை தம்பி, தேவைப்படும்" என்று அம்மா தடுப்பார்.

இந்தக் குவியலைப் பற்றி ஒரு புதிர் உண்டு. போன மாத ஹைட்ரோ பில் வேண்டுமென்றால் அம்மா அதற்குள் கையை விட்டு அரை நிமிடத்தில் எடுத்துவிடுவார். அதே வீட்டில் யாரோ ஒருவர் விடுமுறையில் உட்கார்ந்து வகை பிரித்து, பெயர் ஒட்டி, அலுமாரியில் அடுக்கிய கோப்புகளும் இருக்கும். அவற்றுக்குள் குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாதத் தாளைத் தேடினால் பின்னேரம் முழுதும் போய்விடும். அடுக்கியது கிடைக்கவில்லை, குவித்தது கிடைக்கிறது. ஏன்?

குவியலைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அதற்கும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். புதிதாக வந்த தாள் மேலே விழுகிறது. நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தவர் அதைத் திரும்ப நடுவில் செருகுவதில்லை, மேலேதான் போடுகிறார். இப்படியே சில மாதங்கள் போனால் அடிக்கடி கைபடும் தாள்கள் மேல்மட்டத்திலும், எவரும் தொடாதவை அடியிலும் சேர்ந்துவிடும். யாரும் திட்டமிடாமலே குவியல் தன்னைத்தானே அடுக்கிக்கொள்கிறது. கணினி அறிவியலில் இதற்கு 'முன்னே நகர்த்தல்' என்று பெயர் சொல்லலாம்: ஒரு பட்டியலில் எதைத் தேடி எடுத்தாலும், வேலை முடிந்ததும் அதைப் பட்டியலின் தலைக்குக் கொண்டுபோய் வை. விதி இவ்வளவுதான். தன்னை ஒழுங்குசெய்யும் இத்தகைய பட்டியல்களை ஜோன் மக்கேப் என்பவர் 1965இலேயே கணித ரீதியாக ஆராய்ந்தார்.

அது எவ்வளவு நல்ல முறை என்பதற்கு உறுதியான விடை 1985இல் வந்தது. டேனியல் ஸ்லேட்டர், ராபர்ட் டார்ஜன் என்ற இருவர் கேட்ட கேள்வி சுவையானது. முக்காலமும் அறிந்த ஒரு சாத்திரியார் உங்கள் வீட்டில் காகிதப் பொறுப்பை ஏற்கிறார் என்று வையுங்கள். அடுத்த பத்து ஆண்டில் எந்தத் தாள் எந்த நாளில் கேட்கப்படும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப மிகச் சிறந்த முறையில் அவர் அடுக்கி வைப்பார். அவரோடு போட்டியிடுபவர், எதிர்காலம் எதுவும் தெரியாமல், எடுத்ததை மேலே போடுகிற நம் அம்மா. மேலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தேடும் உழைப்பைக் கணக்கிட்டால், அம்மா எவ்வளவு பின்தங்குவார்? நீண்ட கால மொத்தத்தில், சாத்திரியாரின் உழைப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒருபோதும் போகாது என்று அவர்கள் நிறுவினார்கள். தேவைகள் எந்த வரிசையில் வந்தாலும், வேண்டுமென்றே தொல்லை கொடுக்கிற வரிசையில் வந்தாலும், இந்த எல்லை உடையாது. எதிர்காலத்தை அறியாத எளிய பழக்கம் ஒன்று முழு அறிவுக்கு இவ்வளவு அருகில் நிற்கும் என்பதை நான் இன்றும் வியப்போடுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு மடங்கு என்பது மிக மோசமான நிலைமைக்கான உத்தரவாதம். நடைமுறையில் குவியல் இதைவிட நன்றாக வேலை செய்கிறது. காரணம் உலகத்தின் போக்கு. 1991இல் ஜோன் அண்டர்சன், லேல் ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நியூயோர்க் ரைம்ஸ் தலைப்புகளில் ஒரு சொல் இன்று வந்தால் அது மறுபடி வர எவ்வளவு வாய்ப்பு? பெற்றோர் சின்னப் பிள்ளையிடம் பேசும் பேச்சில் ஒரு சொல்? அண்டர்சனுக்கு வந்த மின்னஞ்சல்களில் ஒருவரின் பெயர்? மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம் கிடைத்தது. நேற்று வந்தது இன்று வர வாய்ப்பு அதிகம். நாள் செல்லச் செல்ல அது முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. ஆனால் முற்றாக இல்லாமல் போவதில்லை. ஒரு பொருள் மறுபடி தேவைப்படுவதற்கான இந்த வாய்ப்பைத் 'தேவை நிகழ்தகவு' என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வளைகோட்டை உளவியலாளர்கள் முன்பே வேறோரிடத்தில் கண்டிருந்தார்கள். ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்கௌஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, தானே மறந்து, மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். அவருடைய மறதிக் கோடும் இதே போக்கில்தான் சரிகிறது. ஆக, நம் நினைவு பழையதை நழுவவிடுவதைக் குறைபாடு என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. தேவை குறையும் வேகத்துக்கு ஏற்பவே அது நழுவவிடுகிறது என்பது அண்டர்சன், ஸ்கூலர் இருவரின் வாதம். சமையலறைக் குவியலும் அதே வேகத்தில்தான் பழையதை அடிக்குத் தள்ளுகிறது.

வகை பிரிக்கும் முறைக்கு இங்கேதான் சிக்கல். கார் இன்சூரன்ஸ் தாள் வந்திருக்கிறது. அதைக் 'கார்' கோப்பில் வைப்பதா, 'இன்சூரன்ஸ்' கோப்பில் வைப்பதா? வைக்கும்போது ஒரு விதமாக யோசித்தவர் தேடும்போது இன்னொரு விதமாக யோசிப்பார். கலிஃபோர்னியாவில் சீரொக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த தோமஸ் மலோன், அலுவலக ஊழியர்களின் மேசைகளைப் பார்த்து 1983இல் எழுதிய ஆய்வில் இந்தத் தயக்கத்தைக் குறிப்பிட்டார். மேசையில் குவிந்திருக்கும் தாள் நினைவூட்டும் வேலையையும் செய்கிறது என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. கட்ட வேண்டிய பில் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதால்தான் கட்டப்படுகிறது. கோப்புக்குள் போனால் அது மறைந்துவிடும்.

2001இல் ஸ்டீவ் விட்டேக்கர், ஜூலியா ஹிர்ஷ்பெர்க் இருவரும் அலுவலகம் மாறவிருந்த ஆய்வாளர்களிடம் அவர்களுடைய காகிதங்களைப் பற்றி விசாரித்தார்கள். கோப்பில் இடுபவர்கள் சுத்தமானவர்கள், ஆகவே குறைவாக வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம் அல்லவா? கண்டது நேர்மாறு. கோப்பில் இட்டவர்களிடம்தான் அதிகம் சேர்ந்திருந்தது. அதைத் திரும்ப எடுத்துப் பார்த்ததும் குறைவு. பயன்படுமா என்று தெரியும் முன்பே கோப்பிட்டுவிட்டதால் பயனற்றவையும் மரியாதையோடு உள்ளே போயிருந்தன. குவித்து வைத்தவர்களிடம் அப்படி நேர்வது குறைவாக இருந்தது.

ஆனால் மைக்ரோவேவின் மேல் இருக்கும் குவியல் சரியக்கூடியது, குழம்பு சிந்தக்கூடியது. காலவரிசையை விடாமல் அதை அலுமாரிக்குக் கொண்டுபோகும் வழியை யப்பானியப் பொருளியலாளர் நொகுச்சி யுக்கியோ 1993இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஒவ்வோர் அலுவலுக்கும் ஒரு பெரிய உறை. உறையின் ஓரத்தில் திகதியும் பெயரும். எல்லாவற்றையும் புத்தகம் போல் தட்டில் நிறுத்துங்கள். புதியது எப்போதும் இடது கோடியில். எடுத்துப் பார்த்ததும் திரும்ப இடது கோடியில். வகை பிரிப்பதே கிடையாது. சில ஆண்டுகளில் வலது கோடிக்கு ஒதுங்கியவை எவரும் தொடாதவை. அவற்றை எடுத்து எறியலாம். குவியலை நிமிர்த்தி வைத்தால் இந்த முறை வந்துவிடும். செலவு, ஒரு கட்டுப் பழுப்பு உறை.

எறிவதற்கு முன் நொகுச்சி ஓர் எச்சரிக்கை வைத்தார். வலது கோடிக்கு வந்தவற்றில் சில, தொடப்படாவிட்டாலும் போகக்கூடாதவை. அவற்றைப் புனிதக் கோப்புகள் என்று தனியே பிரித்தார். அம்மாவின் "எறியாதை"க்கு முழு நியாயம் இங்கேதான் இருக்கிறது.

வெக்ஸ்போர்ட் வீடொன்றில் அப்படிப்பட்ட தாள் எது என்று கேட்டால், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள் முதலில் சொல்வது 'லேண்டட் பேப்பர்'. 2002 யூன் 28க்கு முன் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்குக் கிடைத்த ஐ.எம்.எம். 1000 என்ற தாள் அது. பிறகு குடியுரிமை வந்தது, பாஸ்போர்ட் வந்தது, லேண்டட் பேப்பரை இருபது முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்கவில்லை. முன்னே நகர்த்தும் விதியின்படி அது வலது கோடியின் வலது கோடி. பிறகு ஒருநாள் 65 வயது வருகிறது. முதியோர் ஓய்வூதியம் பெற, 18 வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது பத்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். முழுத் தொகைக்கு நாற்பது ஆண்டு. இடையில் உள்ளவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் நாற்பதில் ஒரு பங்கு. எனவே எந்த ஆண்டு இங்கே வாழத் தொடங்கினீர்கள் என்பது, உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் வரும் தொகையைத் தீர்மானிக்கிறது. விண்ணப்பத்தைப் பார்ப்பவர்கள் குடிவரவுத் தாள்களையும் பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகளையும் கேட்கலாம். அந்தத் தாள் தொலைந்தால் அதே மூலத்தை அரசு மறுபடி தராது. நிலையை உறுதிப்படுத்தும் வேறோர் ஆவணத்துக்குக் காசு கட்டி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். எவ்வளவு அடிக்கடி தேவைப்படும் என்பது தேடும் உழைப்பைக் குறைக்கும் கணக்கு. எறிவதா வைப்பதா என்பது வேறு கணக்கு: தேவைப்படும் வாய்ப்பையும், அந்த நேரத்தில் இல்லாவிட்டால் வரும் இழப்பையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு முந்திய ஹைட்ரோ பில் தேவைப்பட்டாலும் இணையத்தில் எடுத்துவிடலாம். இழப்பு பூச்சியத்துக்கு அருகில். லேண்டட் பேப்பர் வாழ்நாளில் ஒருமுறைதான் தேவைப்படலாம், இழப்பு பெரிது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதியும் அப்படித்தான்.

எங்கள் பெற்றோர் இந்தப் பெருக்கலைப் பாடமாகப் படிக்கவில்லை, அனுபவித்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது கையில் எடுக்க முடிந்தது ஒரு பை. அந்தப் பைக்குள் போனவை காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாள். அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைக் கடப்பது என்ன என்று தெரிந்தவர்களிடம், தாளை எறிய மனம் வராததைப் பழக்கக் கோளாறு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. ஒருமுறை பெரிய விலை கொடுத்துக் கற்ற நிகழ்தகவு அது. கனடா வந்த பிறகு அது எல்லாத் தாளுக்கும் பரவிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படிப் பரவியதால் குவியல் எவ்வளவு உயரும் என்பதையும் கணக்கிடலாம். 1961இல் ஜோன் லிட்டில் என்பவர் வரிசைகளைப் பற்றிய ஒரு விதியை நிறுவினார். வங்கி வரிசையோ மருத்துவமனைக் காத்திருப்போ, எதுவாக இருந்தாலும், உள்ளே சராசரியாக எத்தனை இருக்கும் என்பது வரும் வேகத்தையும் தங்கும் காலத்தையும் பெருக்கினால் கிடைக்கும். வேறெதுவும் தேவையில்லை. ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு 6 தாள் வருகிறது, ஒவ்வொன்றும் 3 ஆண்டு தங்குகிறது என்று வைத்தால் எப்போதும் 6,500க்கு மேல் தாள் இருக்கும். சாதாரணத் தாள் பத்து சேர்ந்தால் ஒரு மில்லிமீற்றர். ஆகக் குவியல் 65 சென்றிமீற்றருக்கு மேல். எவ்வளவு அழகாக அடுக்கினாலும் இந்த உயரம் குறையாது, ஏனென்றால் அடுக்குவது வரும் வேகத்தையும் மாற்றவில்லை, தங்கும் காலத்தையும் மாற்றவில்லை. அந்த ஆறில் நான்கு விளம்பரத் தாள் என்றால், அவை அன்றைக்கே வெளியேறினால் போதும், குவியல் 22 சென்றிமீற்றராகிவிடும். விளம்பரத் தாள் வேண்டாம் என்று தபால்பெட்டியில் ஒரு குறிப்பு ஒட்டினால் கனடா தபால் துறை முகவரியிடாத விளம்பரங்களைப் போடாது.

தங்கும் காலத்துக்கு வருமான வரித் துறை ஓர் அளவு வைத்திருக்கிறது. வரிக் கணக்குக்கு ஆதாரமான தாள்களை, அந்த வரி ஆண்டு முடிந்ததிலிருந்து ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2019 கணக்குக்கான ரி4 சம்பளச் சீட்டும் ரசீதுகளும் 2025 டிசம்பர் 31 வரை. கணக்கை இணையத்தில் அனுப்புவதால் ரசீது வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பிறகு கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாடகைக்கு இருந்துகொண்டு ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவு எடுப்பவர்கள் வாடகை ரசீதையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். வீடு வாங்கிய, திருத்திய தாள்கள் மட்டும் வீடு விற்கும் வரைக்கும், அதற்குப் பிறகு ஆறு ஆண்டும்.

இங்கே வேதியியல் குறுக்கிடுகிறது. ஆறு ஆண்டு வைத்திருக்கச் சொன்ன மருந்துக்கடை ரசீது ஆறு ஆண்டு தாங்குமா? கடைகளில் தரும் வழவழப்பான ரசீதில் மை கிடையாது. அது 'வெப்பத்தாள்'. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற ஒரு சாயமும் மென்மையான ஓர் அமிலமும் தனித்தனித் துணுக்குகளாக இருக்கின்றன. அச்சுப்பொறியின் தலையில் வரிசையாக இருக்கும் நுண்ணிய சூடாக்கிகள் தொட்ட இடத்தில் பூச்சு உருகி இரண்டும் கலக்கின்றன. அமிலம் சாய மூலக்கூறில் மூடியிருந்த ஒரு வளையத்தைத் திறந்துவிட, அதன் எலெக்ட்ரோன்கள் மூலக்கூறு முழுதும் பரவி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சத் தொடங்குகின்றன. அதனால் கறுப்பு. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ரசீதின் மேல் நகத்தால் அழுத்திச் சட்டென்று கீறுங்கள்: உராய்வின் சூட்டில் கறுப்புக் கோடு விழும். சாதாரணத் தாளில் விழாது.

திறந்த வளையம் திரும்ப மூடவும் கூடும். எண்ணெய், ஈரம், வெயில், ஒட்டுநாடாவின் பசை, பி.வி.சி. உறையை மென்மையாக்கச் சேர்த்த இரசாயனம் ஆகியவை அமிலத்தையும் சாயத்தையும் பிரித்துவிட்டால் எழுத்து மங்கிப் போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று மென்மையான பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ரசீது வெறுந்தாளாகிவிடுவது இதனால்தான். அடுப்புக்குப் பக்கத்துச் சமையலறைக் குவியலில் சூடும் எண்ணெயும் தாராளம். ஆகவே வெப்பத்தாள் ரசீதை வந்த கிழமையிலேயே படம் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நகலெடுக்க வேண்டும். வேறெந்தத் தாளுக்கும் இல்லாத அவசரம் இதற்கு உண்டு.

புனிதத் தாள்களுக்கு எதிரி வேறு. நம்மவர் பிறப்புப் பத்திரத்தை லமினேட் செய்து வைப்பதுண்டு. சூட்டோடும் அழுத்தத்தோடும் பிளாஸ்டிக்கை ஒட்டும் வேலை அது. புடைப்பு முத்திரை தட்டையாகிவிடும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. பேஸ்மென்டில் சீமெந்துத் தரையில் அட்டைப்பெட்டியோடு வைப்பது இன்னொன்று. 2013 யூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவான நாளில் ரொறன்ரோவின் எத்தனையோ பேஸ்மென்ட்களுக்குள் தண்ணீர் வந்தது. மாடியில், வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியின் மேல்தட்டு, பொலியெஸ்டர் உறை, அதுபோதும்.

கடைசியாக ஒன்று. காலத்தால் அடுக்கிய குவியலுக்கு அட்டவணை தாளில் இல்லை. அடுக்கியவரின் நினைவில் இருக்கிறது. "அது தங்கச்சியின் கலியாணத்துக்கு முந்தி வந்தது" என்று தெரிந்தவருக்குத்தான் அந்தக் கலியாணத்துக்கு முந்திய அடுக்கு எங்கே என்று தெரியும். அம்மாவுக்கு வேகமாக வேலை செய்யும் முறை, அவருடைய நினைவு தளர்ந்த பிறகு பிள்ளைகளுக்கு வேலை செய்யாது. நொத்தாரிசு எழுதிய உறுதியில் உள்ள காணி எந்த ஊரில் எந்தப் பக்கம், அதில் யாருக்குப் பங்கு என்பதைத் தாள் மட்டும் பார்த்து எல்லோராலும் சொல்லிவிட முடியாது. ஆகவே புனிதக் கோப்புகளை மட்டும் அம்மாவோடும் அப்பாவோடும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். உறையின் வெளிப்பக்கத்தில் இது என்ன, எந்த ஆண்டு, யாருடையது, மூலமா நகலா என்று பென்சிலால் எழுத வேண்டும். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஆங்கிலத்திலும்.